கைகளால் ஆங்கிலம் பேசியவர்

பூந்தமல்லியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் வயதில் மூத்தவர் அவர்தான். திருமழிசையில் ஏதோ ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். நரைத்த மீசை, கிரீஸ் போகாத நகங்கள். ஆக்‌ஷன் வெர்ப் நடத்தியபோது 'லிஃப்ட்', 'பிரஸ்', 'புல்' என்று எந்தச் சொல்லையும் கையால் செய்துகொண்டேதான் சொல்வார்.

"அண்ணாத்தே, கிளாஸ்லயே ஷிப்ட் பாக்குறியா?" என்று பின்பெஞ்ச் கிண்டலடிக்கும். அவரும் சிரிப்பார்.

அடுத்த வாரம் லிங்கிங் வெர்ப். ஒருவரை இன்னார் என்று சொல்ல 'ஆம்', 'இஸ்', 'ஆர்' என்று உற்சாகமாக விளக்கிவிட்டு, "நீங்க யாருன்னு சொல்லுங்கண்ணா" என்றேன்.

"ஐ ஆம்..." என்று எழுந்தவர் அப்படியே நின்றார்.

"ஆபரேட்டர்னு சொல்லுங்க!" என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.

"எப்டி சார்? நான் காண்ட்ராக்ட்டு. கார்டுல ஹெல்பர்னுதான் கீது. வியாழக்கெழம பர்மனென்ட்டுக்கு இன்டர்வியூ. ஆபரேட்டர்னா, மெஷின உன்ன யாரு தொடச் சொன்னதுன்னு காண்ட்ராக்டர் கழட்டி உட்டுடுவாரு. ஹெல்பர்னா, வேல தெரியாதவன்னு கம்பெனில எடுக்க மாட்டாங்க. நீயே சொல்லு சார், நான் இன்னா?"

எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற நான் அன்று அடுத்த பாடத்துக்குப் பக்கத்தைப் புரட்டினேன்.

வியாழன் காலை பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை. உதடுகள் முணுமுணுக்க, கைகள் தூக்கின, அழுத்தின, இழுத்தன. பிறகு வலது கை 'ஐ ஆம்' என்பதுபோல நெஞ்சருகே வந்து நின்றுவிட்டது. பஸ் வந்ததும் அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்து ஏறிப்போனார்.

அதன்பின் அவர் வகுப்புக்கு வரவில்லை. வேலை கிடைத்து வரவில்லையா, இருந்த வேலையும் போய் வரவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது.