பெல்ட்டுக்கு அடியில் இருந்த நீலம்

நிறம் என்று வந்துவிட்டால் மைசூரில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை. மிச்ச நேரமெல்லாம் விரல் உயர ஈயச் சிப்பாய்களுக்கு உடுப்பு தீட்டுவேன். "இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்று சர்ச் வாசலில் கேட்டவர்களிடம், "முதல்ல உங்க புடவை என்ன கலர்னு சரியாச் சொல்லுங்க பார்ப்போம்" என்பேன்.

சுதந்திரம் வந்து, சமஸ்தானத்துக் குதிரைப்படையும் இந்திய ராணுவத்தோடு சேர்ந்துவிட்ட சமயம். அடுத்த வீட்டு நர்சம்மா ஒரு கோட்டோடு வந்தார். அந்தப் படையில் இருந்து, காய்ச்சலில் இறந்துபோன அவர் கணவருடையது. மகளுக்கு ஊட்டியில் வேலை கிடைத்திருந்தது. குளிருக்குப் புதுக் கம்பளித் துணி வாங்க வழியில்லை. இதை வெட்டித்தான் அவளுக்குத் தைக்க வேண்டும்.

"சனிக்கிழமை டெய்லர்கிட்ட குடுக்கணும் டீச்சர். வெட்டிட்டா அவரு உடுப்புன்னு ஒண்ணுமே இருக்காது. இருக்கிற போட்டோவும் கறுப்பு வெள்ளை. உங்க பொம்மை ஒண்ணுக்கு இதே கலர் போட்டுத் தருவீங்களா?"

"கவலையே படாதீங்க" என்றேன்.

கோட்டின் மேல்பக்கத்தை நம்புவது கற்றுக்குட்டிகள் வேலை. வெயில் பட்ட துணி பொய் சொல்லும். உள்தையலை இரண்டு அங்குலம் பிரித்து, வெயிலே காணாத கருநீலத்தைக் கண்டுபிடித்தேன். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிரஷ்யன் நீலத்தில் ஊசிமுனையளவு கறுப்பைச் சேர்த்துச் சேர்த்து, அட்டையில் தடவிக் காயவிட்டு, துணியோடு ஒட்டிப் பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. பொத்தான், குறுக்கு பெல்ட், தலைப்பாகை எல்லாம் அச்சு அசல்.

நர்சம்மா கையில் வாங்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவரு இல்ல, டீச்சர்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பிரித்த தையலை விரித்துக் காட்டினேன். "இதைவிடச் சரியா யாராவது போட்டுக் காட்டட்டும்! நீங்களே பாருங்க!"

"ஹௌது, ஆமா, புதுசுல இப்படித்தான் இருந்திருக்கும். நான் கல்யாணமாகி வந்தப்பவே வெளுத்துப்போச்சு. பரேடுக்குக் கிளம்புற ஆளா அவரை நான் எங்க பார்த்தேன்? விடியறதுக்கு முன்னயே ஆஸ்பத்திரி டூட்டிக்கு ஓடிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழட்டுவாரு பாருங்க, அப்பத்தான் பார்ப்பேன். மார்புல குறுக்கா ஒரு பட்டை மட்டும் கருநீலமா இருக்கும். மிச்சமெல்லாம் வெளுப்பு."

கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்புவரை அந்தப் பட்டை இருக்கத்தான் செய்தது. மூன்று நாளும் என் மடியில்தான் கிடந்தது. பெரிய கெட்டிக்காரி நான், உள்தையலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு சொன்னேன். ஈய பெல்ட்டை பிளேடால் சுரண்டி எடுத்தேன். பெல்ட் இல்லாமல் முழு உடுப்பில் நிற்பவன், படை விதிப்படி பார்த்தால் தப்பான சிப்பாய். இருக்கட்டும். தோளுக்கு நல்ல வெளுப்பு, முழங்கைக்குக் கொஞ்சம் குறைவு. பெல்ட் இருந்த இடத்துக்கு மட்டும் அந்த உள்தையல் கருநீலம். அந்த நீலம் நூற்றுக்கு நூறு சரி, இப்போதும் சொல்வேன்.

சனிக்கிழமை காலை நர்சம்மா வந்தார். பொம்மையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பட்டையின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"வந்துட்டாரு" என்றார். "வீட்டுக்கு வந்துட்டாரு, டீச்சர்."

இருவரும் அழுதோம். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போனார்.