தெருவுக்கு ஓர் அடிகுழாய்

என் உடன்பிறந்த அண்ணாச்சி சிவபதம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நாலு பேர் முன் நின்று பேச எனக்கு நா எழாது. ஆனாலும் அண்ணாச்சி தொடங்கிய தண்ணீர்க் கம்பெனியின் முதல் நாளைக் கண்ணால் கண்டவன் என்பதால் எழுதத் துணிந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்த அண்ணாச்சி, தூத்துக்குடிப் பஞ்சாலையில் இயந்திர வேலை பழகினார்கள். ஒரு கோடையில் எங்கள் தாயாரும் அண்ணாச்சியின் மூத்த மகளும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டார்கள். கண்ட வாளியும் இறங்கும் திறந்த கிணறுதான் காரணம் என்று தெரிந்ததும் அண்ணாச்சி வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள்.

"கிணத்த மூடுவோம். குழாயால தண்ணி எடுப்போம். லாவம் வந்தா பங்கு கெடையாது, அடுத்த தெருவுக்குக் குழாய்!"

இதற்கு ஒப்பிப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். முதல் பங்குதாரர் எங்கள் தாய்மாமன்.

எங்கள் தெருக் கிணற்றை மூடித்தான் முதல் குழாய் வைத்தோம். கைப்பிடியை நாலு தரம் அடித்ததும் தண்ணீர் பாய்ந்தது. தெருவே ஆரவாரித்தது! பூரிப்புத் தாங்காமல் அண்ணாச்சி குழாயைக் கழற்றி, உள்ளிருந்த தோல் வளையத்தைத் தூக்கிக் காட்டினார்கள். "இதுதான் இதுக்கு உசுரு!"

ஆரவாரம் நின்றது. சைவத் தெரு அல்லவா!

"ஏலே, மாட்டுத் தோலு பட்ட தண்ணியையா குடிக்கச் சொல்லுத? கிணத்து மூடியப் பேத்து எறி. நான் கம்பெனியில இல்ல" என்று மாமா துண்டை உதறினார்கள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

அண்ணாச்சி குழாயைத் திரும்பப் பூட்டினார்கள். அப்போது அண்ணாச்சியின் மனைவி, என் மதினி, குடத்தோடு வந்தார்கள். "ஏன் மாமா, கோயில்ல மத்தளம் அடிக்கையில காதப் பொத்திக்கிடுதியளா? அதுவும் தோலுதான?"

கூட்டம் சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. குடம் நிறைய அடித்து, எல்லோரும் பார்க்கக் குடித்தார்கள். "எம்புள்ளையக் கொன்ன தண்ணி சுத்தம், இது தீட்டா?"

மாமா உதறிய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பிறகு கையைக் குவித்து நீட்டினார்கள். "ஊத்து தாயி."

இரண்டாவது குழாய், தோல் வெட்டித் தந்த மாடசாமியின் தெருவுக்குப் போயிற்று. எங்கள் தெருவில் அதன்பின் வாந்திபேதிச் சாவு இல்லை.

கடைசிக் காய்ச்சலிலும் அண்ணாச்சி என்னிடம், "தோலு மாத்தியாச்சா லே?" என்றுதான் கேட்டார்கள்.

உடனிருந்த வைத்தியருக்கும் உறவினருக்கும், இன்றும் தோல் வெட்டித் தரும் மாடசாமிக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு மலரைப் பெறும் நீங்களும் ஓர் உதவி செய்ய வேண்டும். அடுத்த குழாய் ரயிலில் வந்து இறங்கிவிட்டது. எந்தத் தெருவுக்கு என்று சொல்லுங்கள்.