நோர்வே தடுத்த அண்ணன்

நோர்வேயின் தேசிய நாளான இந்த மே பதினேழாம் தேதி காலை, வெஸ்ட்லியிலிருந்து வந்த ரயிலில், கம்பளியில் தைத்த தேசிய உடையோடு ஒரு பெண் என் பக்கத்தில் அமர்ந்தாள். அலமாரியில் வருடம் முழுக்க மடித்து வைத்திருந்த துணியின் பூச்சி உருண்டை வாசனை. எனக்கு, நோர்வேக்கு வந்த புதிதில் நாங்கள் படித்த மொழி வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. ஆசிரியை ஒருநாள் இதே வாசனையோடுதான் வந்து நின்றார்.

தேசிய நாள் கொண்டாட்டத்துக்கு முதல் நாள் அது. அந்த நாளின் வரலாற்றைச் சொன்னார். 1814இல் போரில் தோற்ற டென்மார்க் அரசன் நோர்வேயைச் சுவீடன் அரசனுக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடியவர்களோ, 'தூக்கிக் கொடுக்க நாங்கள் அரசனின் சொத்தில்லை, அதிகாரம் மக்களுடையது' என்று அரசியலமைப்பை எழுதினார்கள். எனக்குப் புல்லரித்தது. பாதி புரியவில்லை என்பது வேறு விஷயம். பிறகு ஆசிரியை குரலைத் தாழ்த்தி, யூதரும் கத்தோலிக்க இயேசு சபைக் குருமாரும் நாட்டுக்குள் வரக்கூடாதென்றும் அதே தாளில் எழுதினார்கள் என்றார்.

பக்கத்திலிருந்த ஜெசிந்தா அக்கா என் கையைப் பிடித்தார். மன்னாரைச் சேர்ந்தவர்.

"என்ரை அண்ணை இயேசு சபைச் சுவாமியெல்லோ. பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு வாறார்."

எங்கள் நாட்டுப் போரில் பிரிந்தபின் அக்கா பார்க்கப்போகும் ஒரே உடன்பிறப்பு. நானோ சைவக்காரி, சபைகளின் வித்தியாசம் தெரியாது.

"வேறை சபை எண்டு சொல்லச் சொல்லுங்கோவன்."

"சுவாமி பொய் சொல்லுறதோ?"

இடைவேளையில் அவரை இழுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனேன். ஆசிரியை சிரிக்கவில்லை. யூதரைத் தடுத்த வரியை முதலில் நீக்கினார்கள், மற்றதை நீக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேலானது, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றார். அக்கா நம்பாமல் தலையாட்டினார்.

அண்ணன் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் தொழிலைக் கேட்ட அதிகாரி, குளிருக்குக் கோட் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தாராம். ஞானஸ்நான விருந்தில் ஆட்டிறைச்சிக் கறியைப் பிசைந்தபடி அவர் நடந்ததையெல்லாம் கேட்டார்.

"என்னைத் தடுக்கச் சட்டமே எழுதினவையோ? அப்ப நான் பெரிய ஆள்தான்."

அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

வகுப்பு நடந்த கட்டடம் இப்போது இல்லை. அண்ணன் காலமாகிவிட்டார். அக்கா வடக்கே துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டார். அன்று ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றப்பட்ட அக்காவின் பிள்ளை வாக்களிக்கிற ஆளாகிவிட்டான். போன வருடம் நானும் அக்காவும் இந்தக் கதையைச் சொன்னபோது எங்களை வியப்போடு பார்த்தான்.

"பிழையான சட்டமெண்டா மாத்துறதுதானே. அதுக்கேன் பயந்தனீங்கள்?"

சட்டம் என்றதும் நம்மைத் தடுக்கும் வரி எதுவென்று முதலில் தேடுகிற பழக்கம் எங்கள் தலைமுறையோடு போய்விட்டது. போகட்டும்.