அம்சம் மறித்த வரப்பு

சித்தன்கட்டளையில் நடவு நடக்கும் நாட்களில் வெள்ளை வேட்டிக்காரர் யாரும் வரப்பில் நிம்மதியாக நடந்துவிட முடியாது. வயலுக்குள்ளிருந்து நடவுக்காரி அம்சம் சேற்றுக் காலோடு ஏறி வந்து, அவர் காலடியில் ஒரு நாற்று முடியை வைத்துவிடுவாள். கைப்பிடி நாற்றைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்குத்தான் முடி என்று பேர். அதைத் தாண்டிப் போக இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. ஏதாவது சில்லறை கொடுத்தால் முடியை எடுத்துக்கொண்டு, குலவையிட்டு வழி விடுவார்கள். நடவுப் பெண்களுக்கு மற்ற எல்லா உரிமைக்கும் கொடி பிடிக்க வேண்டியிருந்தது. இது ஒன்றுக்குத்தான் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அம்சம் மறிப்பதில் ஆள் பார்க்க மாட்டாள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரை மறித்திருக்கிறாள். கூலித் தகராறில் அவள் புருஷன் முருகையனைப் பிடித்துப் போக வந்த சப்-இன்ஸ்பெக்டரையும் மறித்தாள். அந்த மனுஷர் பையைத் துழாவிச் சில்லறை கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் முருகையனை ஜீப்பில் ஏற்றினார். விவசாயச் சங்கத்துக்காரனான முருகையன் விடுதலையாகி வந்ததும், "என்னைப் பிடிச்சதுக்குக் கூலியா வாங்கினே?" என்று கேட்டான். அந்தக் காசுக்குத் தெருவே வெற்றிலை போட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

இவ்வளவு சிரிக்கிறவள் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எத்தனை பிள்ளை என்று கேட்டால் "இல்ல" என்பாள். உண்மையில் இரண்டு பெற்றாள். இரண்டும் நன்றாகப் பால் குடித்த பிள்ளைகள். பத்து நாள் ஆவதற்குள் ஒரு காலையில் வாய் இறுகிப்போகும், மார்பைக் கவ்வாது, உடம்பு வில்லாக விறைக்கும். அவ்வளவுதான். எட்டாம் நாள் தோஷம் என்றார்கள். உச்சிவேளையில் சுடுகாட்டு வரப்பு வழியாக நடந்துபோனோமே, அதனால்தான் என்று அம்சம் தனக்குள் ஒரு காரணத்தைப் பிடித்து வைத்திருந்தாள். முருகையனிடம்கூட அதைச் சொன்னதில்லை.

ஆட்சி கை மாறி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. கூலித் தகராறு மட்டும் மாறவில்லை. அந்தப் புரட்டாசியில் அம்சம் மூன்றாவது முறையாக மாசமாக இருந்தாள். ஐந்து மாசம் முடிந்தும் வெளியில் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகி மறைத்துக்கொண்டு நடவுக்கு வந்தாள். ஆசைப்பட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் புது நர்ஸம்மா வந்து சேர்ந்தார். ஹமீதா பானு கூத்தாநல்லூர்க்காரர். புருஷன் சிங்கப்பூரில் கடை வேலை. நீ எதற்கு ஊர் ஊராக நடக்க வேண்டும் என்று மாசம் தவறாமல் அவர் கடிதம் போடுவார். இவரும் மாசம் தவறாமல் பதில் போட்டுவிட்டு நடப்பார். அம்சம் இருந்த தெற்குத் தெருவில் வீடு வீடாகப் போய் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். எல்லோரும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைத்தான் சொன்னார்கள். பேர் வைப்பதற்குள் போனதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? கேட்டதை வைத்துப் பார்த்தால் சாவே இல்லாத தெரு அது. ஆனால் வாய்க்கால் கரையில் சின்னச் சின்ன மண்மேடுகளை நர்ஸம்மா வரும்போதே பார்த்திருந்தார்.

அடுத்த சுற்றில் கேள்வியை மாற்றினார். பிள்ளை பெற்றதும் கொடுக்கும் பிரசவ மருந்தை எத்தனை தடவை இடித்துக் கொடுத்தார்கள் என்று விசாரித்தார். அதைச் சொல்வதில் பெண்களுக்கு ஒரு பெருமை உண்டு. நாலு தடவை என்று ராசம்மாள் விரலை நீட்டினாள். வாசலில் விளையாடியவை இரண்டு பிள்ளைகள். நர்ஸம்மா மேலே எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். மிச்சத்தை ராசம்மாளே அழுதுகொண்டு சொன்னாள். அம்சத்தின் முறை வந்தபோது அவள் இரண்டு என்றாள். பிள்ளைச் சத்தமே இல்லாத வீடு. நர்ஸம்மாவின் பார்வை அவள் வயிற்றில் பட்டதும் அம்சம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து, கஞ்சி குடிக்கும் நேரத்தில் நர்ஸம்மா வயலுக்கே வந்தார். சேகரித்த கணக்கை ஆபீசுக்கு அனுப்பிவிட்டதாகவும், அது உங்களுடைய கணக்கு, நீங்களும் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வரப்பில் அவர்களோடு உட்கார்ந்தார்.

"இந்தத் தெருவுல அஞ்சு வருஷமாப் பொறந்ததுல அஞ்சுக்கு ஒண்ணு பத்து நாள் தாண்டலை. வீட்டுக்கு வீடு ஒரு காரணம் சொன்னீங்க. ஆனா முக்கால்வாசிப் பிள்ளைங்க ஒரே மாதிரி, வாய் இறுகித்தான் போயிருக்கு. இது தோஷம் இல்லைங்க. கொடி அறுக்குற அரிவாள்லேருந்தும், தொப்புள்ல வைக்கிற சாணிச் சாம்பல்லேருந்தும் வர்ற சீக்கு. மாசமா இருக்கையில ரெண்டு ஊசி போட்டுக்கிட்டா வராம தடுக்கலாம்."

கஞ்சிக் கலயங்கள் அப்படியே நின்றன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எத்தனையோ நடவில் தோளோடு தோள் உரச நட்டவள் ராசம்மாள். அவளுக்கும் இதே கதை என்று அம்சத்துக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கோடியில் தலையைக் குனிந்துகொண்டவளுக்கும் அதே கதை. துக்கம் வரும் என்றுதான் அம்சம் நினைத்தாள். வந்தது நிம்மதி. சுடுகாட்டு வரப்பில் நடந்த கால் ஒரு பாவமும் செய்யவில்லை. அதை நினைத்ததும்தான் அழுதாள், எல்லோர் முன்னாலும், வாய்விட்டு.

அழுது முடித்து, ஊசி எங்கே போடுவார்கள் என்று கேட்டபோது சிக்கல் தெரிந்தது. ஆஸ்பத்திரி எட்டு மைல் தள்ளி. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவர முடியும், ஆஸ்பத்திரி வண்டியோ பழுதாகிக் கிடந்தது. நடந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால் நடவு நேரம். ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வெளியூர் ஆளை இறக்கிவிடுவார்கள். அந்த வருஷத் தகராறே அதில்தான். தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசி, உள்ளூர் ஆளுக்குத்தான் வேலை என்று முடிவாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் ஜீப் வைத்திருந்தவர் ஒருவர்தான், அவர்கள் நடும் வயலுக்குச் சொந்தக்காரரான மிராசுதார் நாகநாதன். அவரிடம் போய் நிற்பதா என்று முருகையன் குதித்தான். சங்கத்தில் தீர்மானம் போடுவோம், கலெக்டருக்கு அனுப்புவோம் என்றான்.

"நீங்க தீர்மானம் போடுங்க. இது தை மாசம் வந்துரும்" என்று அம்சம் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். முருகையனுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும்.

மறுநாள் காலையில் நாகநாதன் தம் பண்ணையைக் கவனிக்கும் காரியக்காரரோடு நடவு பார்க்க வந்தார். அம்சம் மறிப்பாள் என்று தெரிந்தே சில்லறையை மடியில் வைத்திருந்தார். அவளும் ஏறி வந்து ஒரு முடியை வைத்தாள். அவர் மடியில் கைவிட்டார். அம்சம் பக்கத்தில் இன்னொரு முடியை வைத்தாள். பிறகு ராசம்மாள் வந்து இரண்டு வைத்தாள். கோடியில் நட்டவள் ஒன்று வைத்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து அவரவர் இழந்ததற்குத் தக்கபடி வைத்துவிட்டுப் போனார்கள். குலவை இல்லை. வரப்பு நெடுகப் பச்சையாகக் கிடந்தது.

இது எந்தக் கட்சி கொடுத்த புத்தி என்று காரியக்காரர் சத்தம் போட்டார். தாண்டிப் போகலாம் வாருங்கள் என்று மிராசுதாரைக் கூப்பிட்டுப் பார்த்தார், ஆனால் கூப்பிட்டவருமே தாண்டவில்லை. நாகநாதன் காசை எடுத்த கையோடு நின்றார்.

"காசு வேணாங்கய்யா," என்றாள் அம்சம். "இதெல்லாம் நாங்க பொதைச்ச பிள்ளைங்க. ஊசி போட்டிருந்தா இருந்திருக்கும்னு நர்ஸம்மா சொல்றாங்க. மருந்துப் பெட்டி வர உங்க வண்டி வேணும். ஊசி போடுற அன்னிக்கு எங்க இடத்துல வேற ஆள் எறங்கக் கூடாது. சொல்லிட்டுப் போங்க."

நாகநாதன் முடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நாத்து காயுது. எடுத்து நடுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. முடிந்தது என்றுதான் அம்சம் நினைத்தாள். பயிர் காய்வதுதான் இவருக்குக் கண்ணில் படும் என்று உள்ளுக்குள் திட்டினாள்.

"நடுங்க. வண்டி எந்தக் கெழமைக்கு வேணும்?"

அவர் ஏன் இறங்கி வந்தார் என்று தெருவில் வெகு நாள் பேச்சு நடந்தது. அவர் வீட்டம்மாவும் ஒன்றைப் புதைத்தவர்தான் என்றார்கள் சிலர். பாதி நடவில் வேலை நின்றுவிடும் என்று பயந்தார் என்றான் முருகையன். எதுவாக இருந்தால் என்ன, வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது, வயலில் வெளியூர் ஆள் யாரும் இறங்கவில்லை. ஐஸ் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு நர்ஸம்மா இறங்கினார். களத்து மேட்டில் வரிசை நின்றது. சப்-இன்ஸ்பெக்டருக்கு அசையாத அம்சம் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ராசம்மாளின் கையைப் பிடித்தாள். களை எடுக்கும் சமயத்தில் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அந்த முடிகளை எந்த வயலில் நட்டார்கள் என்பது அறுவடைக்குள் எல்லோருக்கும் மறந்துபோனது.

ஆனால் ஒரு வழக்கம் தங்கிவிட்டது. தொப்புள் கொடியைப் புது பிளேடால் அறுக்க வேண்டும், சாம்பல் வைக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். மருத்துவச்சி நீலாம்பாளும் சரி என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து மாசமாக இருப்பவளைப் பார்க்கப் போகிறவர்கள் காகிதம் பிரிக்காத பிளேடு ஒன்றைக் கொண்டுபோனார்கள். அம்சத்துக்கு வந்து குவிந்த பிளேடில் முருகையன் ஒரு வருஷம் சவரம் செய்தான்.

பொங்கல் கழிந்து பெண் குழந்தை பிறந்தது. அம்சம் நாளை எண்ணக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனாலும் எட்டாம் நாள் எது என்று உடம்புக்குத் தெரிந்தது. காலையில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது. கன்னத்தைத் தட்டினாள். அசைவில்லை. விரலால் உதட்டைத் தொட்டாள். குழந்தை வாயை ஆவென்று பிளந்து ஒரு கொட்டாவி விட்டது. தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில் ஓட்டுக் கூரை அதிர அழுதது. முருகையன் பதறி ஓடி வந்தான். அம்சம் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், அழட்டும், அழட்டும் என்றாள்.

அடுத்த மாசம் நர்ஸம்மா சுற்றுக்கு வந்தார். எல்லா வீட்டிலும் கேட்பதைப் போலக் கேட்டார்.

"எத்தனை பிள்ளைங்க, அம்சம்?"

அம்சம் முகத்தைத் திருப்பவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"மூணு. ரெண்டு வாய்க்கா கரையில இருக்கு, ஒண்ணு இங்க இருக்கு. மூணையும் எழுதிக்குங்க."