ஞாயிற்றுக்கிழமைக் கால்கள்

சனிக்கிழமை முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடுவது பெரிய காரியமில்லை. பழகினால் யாரும் ஓடலாம். மறுநாள் விடியும் முன் எழுந்து, படி இறங்கக்கூட மறுக்கும் அதே கால்களோடு இன்னொரு இருபத்தைந்து ஓடுவதுதான் பயிற்சி. எண்பது கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு யாரும் எண்பது ஓடிப் பார்த்துத் தயாராவதில்லை. முதல் நாள் களைப்பை ஆறவிடாமல் அதன் மேலேயே இரண்டாம் நாளை ஏற்றுவார்கள். பந்தயத்தின் கடைசி முப்பது கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று உடம்பு அப்போதுதான் தெரிந்துகொள்ளும். இதை என் தம்பிக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவன் கேட்காதபோதும் விளக்கியிருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது, அவனுக்கு நாற்பத்திரண்டு. அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் இருவரும் இந்தக் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தோம். நான் சால்ட் லேக்கில் தனியாக இருக்கிறேன். அவன் ஜாதவ்பூரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், தன் வங்காளி மனைவியோடு இருக்கிறான். எனக்கு விவாகரத்து ஆன வருஷம் நான் ஓட ஆரம்பித்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். மூன்று மாதம் கழித்து, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத என் தம்பி, "நானும் வரேன் அக்கா" என்றான். என் உற்சாகம் அவனையும் தொற்றிக்கொண்டது என்று நினைத்தேன். ஆபீசில், சொந்தக்காரர்களிடம், வாட்ஸாப்பில், தம்பியை ஓட்டக்காரனாக்கியது நானே என்று பீற்றிக்கொண்டேன்.

கல்கத்தாவில் மலை ஏது? ஏற்றத்துக்கு ஃப்ளைஓவரைத்தான் நம்பவேண்டும். இல்லாவிட்டால் என் ஆபீஸ் கட்டடத்தின் பதினான்கு மாடிப் படிகள். அங்கே செக்யூரிட்டிக்காரர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் லிஃப்ட் வேலை செய்கிறது என்று பொறுமையாகச் சொல்வார். மண் பாதை வேண்டுமென்றால் பைபாஸைத் தாண்டிக் கிழக்கே போகவேண்டும். நகரத்தின் சாக்கடைத் தண்ணீரில் மீன் வளர்க்கும் பெரிய பெரிய குளங்கள் அங்கே இருக்கின்றன, பேரி என்பார்கள். ஒரு குளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆள் அகலத்துக்குக் களிமண் வரப்பு. பனி இறங்கிய காலையில் அதில் ஓடுவது எண்ணெய் தடவிய தரையில் ஓடுவது மாதிரிதான். "அக்கா, மண்ணு சரியில்ல" என்று தம்பி வழுக்குவான். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்பேன். அவன் சிரித்துவிட்டு எழுந்து வருவான். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பிள்ளை அவன், சின்ன வயதிலிருந்தே. நான் அதிகாரம் பண்ணியே பழகியவள்.

இப்படி இரண்டு வருஷம். அதன் பிறகுதான் வடக்கே மலையில் நடக்கும் அந்த எண்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருவர் பெயரையும் கொடுத்தேன். ஜனவரியில் பந்தயம். அக்டோபரில் துர்கா பூஜை முடிந்ததும் பயிற்சியை ஏற்றினேன். வாராவாரம் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் படாத பாடு படுவான். தொடை வலி, தலை சுற்றல், வாயில் எதுவும் இறங்கவில்லை, அக்கா உட்காரட்டுமா? அவன் புலம்பப் புலம்ப எனக்குள் ஒரு திருப்தி வரும். இதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அந்தப் பயிற்சியின் கணக்கே அதுதான். இரண்டாம் நாள் உடம்பு முறையிட்டால் பயிற்சி பலிக்கிறது என்று பொருள். முறையிடாவிட்டால்தான் கவலைப்படவேண்டும்.

நவம்பரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்துகொண்டிருந்த காய்ச்சல்தான், ஐந்து நாள் இருந்தது. வியாழக்கிழமை விட்டது. வெள்ளிக்கிழமை அவன் மனைவி போன் செய்து, "திதி, இந்த வாரம் மட்டும் விட்டுவிடுங்களேன்" என்று வங்காளத்தில் கெஞ்சினாள். திதி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. முடிவு அவனுடையது என்று நான் நியாயஸ்தியைப் போலப் பேசினேன். பிறகு அவனைக் கூப்பிட்டு, "பெரிய வாரம் இன்னும் ரெண்டுதான்டா பாக்கி, யோசிச்சுக்கோ" என்றேன். அவன் என்ன யோசிப்பான் என்று எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமையை மெதுவாக முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவன் மங்கி குல்லா போட்டுக்கொண்டு வந்து நின்றான். காற்றில் லேசாகக் குளிர் தட்டினால் போதும், இந்த ஊர் முழுக்க மங்கி குல்லா மாட்டிக்கொள்ளும். என் தம்பியின் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்னடா, டார்ஜிலிங்குக்கா கிளம்பிட்டே?"

"அவதான் மாட்டி விட்டா. அக்கா, இன்னிக்கு என்னமோ சரியில்ல."

"ஞாயித்துக்கிழமை யாருக்குடா சரியா இருக்கும்?"

ஐந்தாறு கிலோமீட்டர் போனபின் கையை நீட்டி வாட்சைக் காட்டினான். நாடித் துடிப்பு நூற்று எழுபத்திரண்டு. நாங்கள் போய்க்கொண்டிருந்த வேகத்துக்கு நூற்று முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வாட்சின் ஒரு கோளாறு தெரியும். வியர்வையில் பட்டை நழுவினால் அது நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நிமிஷத்துக்கு எங்கள் காலடியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"அது உன் காலை எண்ணுது. இறுக்கிக் கட்டு."

இறுக்கிக் கட்டினான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் காட்டினான். அதே எண்.

"கழட்டிப் பையில போடு. சும்மா அதையே பாத்துட்டிருந்தா ஓட முடியாது."

கழற்றிப் போட்டான். அடுத்த சில நிமிஷத்தில் ஓட்டத்தை விட்டு நடக்க ஆரம்பித்தான். அந்த நேரம் வாட்ச் கையில் இருந்திருந்தால் எங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். நடப்பவனின் காலடி நூறு, நூற்றுப்பத்துக்கு மேல் போகாது. எண் இறங்காமல் நின்றிருந்தால், அது கால் இல்லை, இதயம் என்று எனக்குப் புரிந்திருக்கும். புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குப் படிப்பு இருந்தது. அந்தப் படிப்புதான் அவனுடைய வாட்சைக் கழற்றவும் வைத்தது.

நான் முன்னால் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது வரப்பில் உட்கார்ந்திருந்தான், குல்லா கையில். இது நாடகம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன். கிட்டே போனபோது உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. "மூச்சு வரல அக்கா" என்றான். அதுவும் ஒரு தகவல் போல, தணிந்த குரலில். குளத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். மீன் ஏற்றும் சைக்கிள் வேனில் ஈரப் பலகை மேல் அவனைப் படுக்கவைத்தார்கள். ஒருவர் மிதிக்க, நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே பைபாஸ் வரை ஓடினேன். என் கால் வலித்ததா என்று நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது சுருக்கமானது. காய்ச்சல் கிருமி இதயத் தசை வரை போயிருந்தது. படுத்து ஓய்வெடுத்திருந்தால் அது வந்ததே தெரியாமல் ஆறியிருக்கலாம். "எவ்வளவு தூரம் ஓடினார்?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நாளுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.

பிழைத்துவிட்டான். பதினொரு நாள் ஐசியூ, அப்புறம் வார்டு, அப்புறம் வீடு. இதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்கிறது. மேலும் தேறுமா, இப்படியே நிற்குமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அந்த மூன்று மாடியை ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது நான். ஒவ்வொரு தடவையும் அவன், "ஸாரி அக்கா, லேட்டாக்கறேன்" என்றான். எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. சனியும் ஞாயிறும் ஜாதவ்பூருக்குப் போய்விடுவேன். அவன் மனைவி என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. டீ போட்டுக் கொடுப்பாள், மாத்திரைச் சீட்டைக் காட்டுவாள், அவ்வளவுதான். ஜனவரியில் பந்தய வாரம் வந்தபோது, அவள் சமையலறையில் காலிஃபிளவர் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது பேசவேண்டுமே என்று நானே ஆரம்பித்தேன். அவனுக்கு ஓட்டம் என்றால் உயிர், இனிமேல் ஓட முடியாது என்பதை எப்படித் தாங்குவானோ என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உயிரா? திதி, அவருக்கு ஓடவே பிடிக்காது. நாலு மணிக்கு அலாரம் அடித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பத்து நிமிஷம் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் இப்படிப் போகிறீர்கள் என்று கேட்டால், நான் போகாவிட்டாலும் அவள் போவாள், அந்தக் குளக்கரையில், ஆள் இல்லாத நேரத்தில், தனியாக, என்பார். இரண்டு வருஷமும் இதுதான் பதில். அன்றைக்கும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தார்."

மறுபடி கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து அவன் அறைக்குப் போனேன். தலையணையைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் பேசியது காதில் விழுந்ததா என்று அவன் முகத்திலிருந்து தெரியவில்லை.

"பந்தயம் இந்த வாரம்தானே? நீ கிளம்பலியா?"

"போகலடா."

"போயிட்டு வா அக்கா. நான் நெனச்சுப் பாத்தேன். அங்கதான் நெறைய பேர் ஓடுவாங்களே. நீ தனியா இருக்க மாட்டே."

அவன் கால்மாட்டில் உட்கார்ந்தேன். சமையலறைக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதேன்.