குங்குமம் வைத்த பெட்டிகள்

நாச்சாரத்தில் செல்போனுக்குப் பட்டன் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எலியும் பூனையுமாக இருந்த இரண்டு செல்போன் கம்பெனிகளுக்கும் நாங்கள்தான் பட்டன் கொடுத்தோம். ஒருவருடைய புது மாடல் இன்னொருவர் கண்ணில் பட்டால் ஆர்டர் போய்விடும். அதனால் பெட்டியில் கம்பெனி பெயர் எழுத மாட்டோம். ஒன்றுக்குச் சிவப்பு வட்ட ஸ்டிக்கர், மற்றதற்கு வெள்ளை. அவ்வளவுதான் அடையாளம்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் மெஷின், தராசு, டீ பிளாஸ்க் என்று எதையும் விடாமல் குங்குமம் வைத்தேன். வட்டமாக ஓர் இடம் கிடைத்தால் என் விரல் சும்மா இருக்காது. அனுப்பத் தயாராக இருந்த இரண்டு பெட்டிகளின் ஸ்டிக்கர் மேலேயும் அழுத்தி வைத்துவிட்டேன். விடுமுறை முடிந்து சிவப்புக் கம்பெனியின் வேன் வந்ததும் ஒரு பெட்டியை ஏற்றி அனுப்பினேன். மத்தியானம் மிச்சப் பெட்டியைப் பார்த்தால் அதிலும் சிவப்பு. பிரித்துப் பார்த்தேன், உள்ளே சிவப்புக் கம்பெனியின் பட்டன். வெள்ளைக் கம்பெனியின் இன்னும் கடைக்கே வராத மாடல் எதிராளியிடம் போய்விட்டிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். ஆர்டர் போனால் அங்கே வேலை பார்த்த பதினோரு பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆட்டோ பிடித்து ஜீடிமெட்லாவில் இருந்த அந்தக் கம்பெனிக்கு ஓடினேன். வழியெல்லாம் என் விரலைத்தான் திட்டினேன்.

அங்கே ஸ்டோர் பொறுப்பாளர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இந்த ஊர்த் தமிழர்களுக்கு வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' என்று உருதுதான் வாயில் வரும். நான் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியை என் பக்கம் தள்ளினார். ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது.

"டென்ஷன் நக்கோ அக்கா. கைக்கு பிரிக்கணும்? பழைய மாடல நிறுத்திட்டாங்க. புதுசு பூரா டச் ஸ்கிரீன், இனிமே பட்டனே கெடயாது."

போன உயிர் திரும்பி வந்தது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்ததும் முதலாளிக்குப் போன் செய்து, பெட்டியை யாரும் பிரிக்கவில்லை என்று சொன்னேன். அவர் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. பின்னால் பெண்கள் கைதட்டிச் சிரிப்பதும் கேட்டது. வாசல் கடையில் இரண்டு சமோசா வாங்கி நின்றபடியே தின்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் தின்றதில்லை.

பாதி வழியில்தான் அவர் சொன்னதில் மிச்சம் உறைத்தது: இனிமேல் பட்டனே கிடையாது. போனைக் கையில் எடுத்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் ஓய்ந்திருக்காது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.