வலது முன் சக்கரம்

வலது முன் சக்கரத்துக்கு நான் கிரீஸ் போடவில்லை. ஒரு முறை அல்ல, மூன்று முறை. எனக்கு அப்போது பதினொரு வயது. இப்போது எழுபத்து நான்கு. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

கார் எங்களுடையது அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் சிறிய ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மாவுடையது. முதுகு வளைந்த, சாம்பல் நிற வெளிநாட்டுக் கார். என்ஜின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். தண்ணீர் ஊற்ற வேண்டாத கார் ஒன்று உண்டு என்பதை எங்கள் ஊரான பிள்ளைப்பாக்கத்தில் யாரும் நம்பவில்லை. தெருவில் நிறுத்தினால் யாராவது ஒருவர் சொம்பில் தண்ணீரோடு வந்து எங்கே ஊற்றுவது என்று கேட்பார். அதை ஓட்டியவர் என் தாய்மாமன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கழுவுவார்.

தண்ணீர் கேட்காத கார் கிரீஸ் கேட்கும். முன் அச்சிலும், சக்கரங்கள் திரும்புகிற இடங்களிலும் கிரீஸ் உள்ளே போகத் துளை வைத்த நிப்பிள்கள் பட்டாணி அளவுக்கு இருக்கும். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, நிப்பிளைத் துணியால் துடைத்து, கிரீஸ் கன்னை அதில் பொருத்தி அழுத்த வேண்டும். உள்ளே கிடந்த பழைய கிரீஸ் முதலில் ஓரத்தில் கறுப்பாகப் பிதுங்கும். அதன் பின்னால் புதியது மஞ்சளாக வரும். மஞ்சள் தெரிந்தால் வேலை முடிந்தது. மாமா இதை மாதம் தவறாமல் செய்வார்.

அந்த வருஷம் அவருக்கு வலது கட்டைவிரலில் நகச்சுற்று. விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டே வண்டி ஓட்டினார். பழம் திருஷ்டிக்கா விரலுக்கா என்று ஆஸ்பத்திரி ஆயா கேட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்ததே தவிர, கன்னை அழுத்த முடியவில்லை. நான் போடுகிறேன் என்று கெஞ்சி அந்த வேலையை வாங்கிக்கொண்டேன்.

அன்று ஊரில் உறியடி. இடது பக்கம் ஒழுங்காக ஏறியது. வலது பக்கத்தில் சக்கரத்தை ஒட்டியிருந்த நிப்பிளில் மண் இறுகிப் போயிருந்தது. எவ்வளவு அழுத்தியும் கன் அசையவில்லை. நிப்பிளைக் கழற்றி ஊசியால் குத்தி அடைப்பெடுக்க வேண்டும், அல்லது மாமாவைக் கூப்பிட வேண்டும். கோயில் பக்கம் மேளம் கேட்டது. வழுக்கு மரம் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். விரலில் கொஞ்சம் மஞ்சள் கிரீஸை எடுத்து, அது வெளியே வர வேண்டிய ஓரத்தில் சுற்றித் தடவினேன். மாமா வந்து குனிந்து பார்த்தார். எனக்குக் கைராசி இருப்பதாகச் சொல்லிப் போகவிட்டார்.

விரல் ஆறிய பிறகும் அந்த வேலையை என்னிடமே விட்டுவைத்தார். அடுத்த மாதம் எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் தடவினேன், அதுதான் சுலபமாக இருந்தது. மூன்றாவது முறை, நான் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் மாமா கேட்டார்.

"ஸ்டியரிங் இன்னாடா இவ்ளோ கனமா கீது? வலது பக்கம் நல்லா ஏறிச்சா?"

"ஏறிச்சி மாமா."

குனிந்து பார்த்தார். மஞ்சள் இருந்தது.

பத்து நாள் கழித்து, சேரப்பணஞ்சேரியில் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஏரிக்கரை வளைவில் ஒரு மாட்டுவண்டிக்காக மாமா காரை ஒடித்தார். ஒடித்த சக்கரம் நேராகத் திரும்ப மறுத்தது. கார் கரையிலிருந்து சேற்றுக்குள் இறங்கியது. மாமாவுக்கு நெற்றியில் காயம். டாக்டரம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கையால்தான் அவர் சுற்றுவட்டாரம் முழுக்கப் பிள்ளைப்பேறு பார்த்தார்.

காரைப் பிரித்த மெக்கானிக் செட்டுக்கு மாமாவோடு நானும் போனேன். வலது முன் சக்கரம் திரும்புகிற இரும்பு முளையை அடித்து வெளியே எடுத்தபோது செங்கல் தூள் போல் துரு கொட்டியது. "இதுக்குள்ள கிரீஸ் போயி மாசக்கணக்காச்சி. மேலாக்க தடவிக்கினே இருந்துகீறாங்க" என்றார் மெக்கானிக். டாக்டரம்மா மாவுக்கட்டோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தெற்கத்திக்காரர், அளந்து பேசுபவர். விட்டுப்போயிற்று என்று மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தான் அதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை என்றார்.

கன்னைப் பிடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. என்னை இழுத்து முன்னால் நிறுத்தி உச்சந்தலையில் கையை வைத்தார்.

"கிரீஸ் போட்டுக்கீது மா. மஞ்சளா வந்தத என் கண்ணால பாத்தேன். இந்தப் புள்ள தல மேல சத்தியம்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "தப்பை மன்னிச்சிருப்பேன். ஒரு குழந்தை தலையில கை வச்சு பொய் சொல்றீங்களே. சாவியைக் குடுங்க."

மாமா கொடுத்துவிட்டார்.

பொய்ச் சத்தியம் செய்தால் எந்தத் தலைமேல் கை வைத்தார்களோ அந்தத் தலை போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அந்தக் கவலைதான். சாகப்போகிறேன் என்று உறுதியாக நம்பினேன். தும்மினால்கூடப் பயந்தேன். தினமும் மாரியம்மன் கோயிலுக்குப் போய், என்னை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்பது தெரியாமல் இல்லை. சொன்னால் அம்மா அடிப்பாள் என்பதும் தெரியும். பொங்கல் வரை நான் சாகவில்லை. அம்மன் மன்னித்துவிட்டாள் என்று எண்ணி நிம்மதியானேன்.

பிள்ளை தலையில் பொய்ச் சத்தியம் செய்தவன் என்ற பேச்சு பரவியதில், மாமாவுக்கு அதன் பிறகு யாரும் வண்டி கொடுக்கவில்லை. மண்ணூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வெகுகாலம் வேலை செய்தார். வயதான காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலை வாசலில் காவலாளியாக இருந்தார். லாரியில் ஏற்றிய புதுக் கார்கள் வெளியே போக கேட்டைத் திறந்துவிடுவது அவர் வேலை. நான் படித்து, வாகனத் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனை அதிகாரியாக இருந்தேன். மற்றவர்கள் வேலையைச் சரியாகச் செய்தார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றேன். மாமா ஒரு நாளும் என்னிடம் அந்த வலது பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகச் சொல்ல நாற்பது வருஷம் இருந்தது. சொல்லவில்லை.

அவர் போனபோது கொள்ளி வைத்தவன் நான்தான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெற்ற பிள்ளையின் தலையில்தான் எவரும் அப்படிக் கை வைப்பார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் என் தலையைத் தொட்டார் என்றே அன்று நான் நினைத்தேன்.